தூளியும் சுமையும்: முதுமையில் உடல் கொழுப்பும் சிறுநீர்க் கசிவும்

வாசகர் கடிதம்:

"எனக்கு வயது 67. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உயரம் 152 செ.மீ., எடை இப்போது 74 கிலோ. மூன்றும் சுகப்பிரசவம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரத்த அழுத்தமும் உண்டு. ஐந்தாறு ஆண்டுகளாக இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. இந்த ஆண்டு அது மிகவும் கூடிவிட்டது. வெளியே போய்விட்டு வந்து கதவுப் பூட்டைத் திறப்பதற்குள் சில நாள் சேலை நனைந்துவிடுகிறது. இரவில் மூன்று முறை எழுகிறேன். மகள் வாங்கித் தந்த எடை இயந்திரம் உடலில் 43 சதவீதம் கொழுப்பு என்று காட்டுகிறது. அதுதான் காரணம் என்கிறாள். ஆனால் 48 கிலோ மட்டுமே இருக்கும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் இதே தொல்லை இருக்கிறதே? இரண்டு மாதமாக இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கொள்ளு ரசம் மட்டும் குடிக்கிறேன், தண்ணீரையும் குறைத்துவிட்டேன். இரண்டு கிலோ குறைந்தது. கசிவு குறையவில்லை, படி ஏறினால் கால் தள்ளாடுகிறது. எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா? தை மாதம் மதுரையில் தம்பி மகளுக்குக் கல்யாணம். அத்தை முறைக்கு மேடையில் நிற்க வேண்டியவள் நான். சேலத்திலிருந்து பேருந்தில் போவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது."

(எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும் இந்த வாசகி இணைத்திருந்தார். பெயரை வெளியிட விரும்பவில்லை.)

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் சொல்வதும் சரி, பக்கத்து வீட்டு அம்மாவைக் காட்டி நீங்கள் கேட்பதும் சரி. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியும் என்பதை விளக்கிவிட்டால், நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

இடுப்பெலும்பின் அடியில், முன்னால் இருக்கும் எலும்பிலிருந்து பின்னால் முதுகெலும்பின் வால்பகுதி வரைக்கும், தூளி கட்டியது போல ஒரு தசைப்படலம் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. சிறுநீர் வெளியேறும் குழாயும் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென ஏறி, சிறுநீர்ப்பையை மேலிருந்து அமுக்குகிறது. தூளி விறைப்பாக இருந்தால் அந்தக் குழாய் அதன் மேல் நசுங்கி மூடிக்கொள்ளும். சொட்டுக்கூட வெளியே வராது. தூளி தொய்ந்திருந்தால் குழாய் மூடுவதற்கு முன்பே அழுத்தம் வென்றுவிடும். ஆகவே கசிவு என்பது இரண்டு விஷயங்களின் கணக்கு: தூளியில் கிடக்கும் சுமை எவ்வளவு, தூளித் துணி எவ்வளவு உறுதியாக இருக்கிறது. உங்களுக்குச் சுமை அதிகம். பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சுமை இல்லை, ஆனால் வயதாலும் பிரசவங்களாலும் தசை இளைத்துப்போனதாலும் துணி நைந்திருக்கக்கூடும். அவரைப் பரிசோதிக்காமல் இதற்கு மேல் சொல்ல முடியாது. ஒல்லியாக இருப்பவருக்கும் கசிவு வரலாம் என்பதால் கொழுப்புக்கும் கசிவுக்கும் தொடர்பில்லை என்று ஆகிவிடாது.

கொழுப்புக்கு வருமுன், உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்ட வரி வேறொன்று: "இந்த ஆண்டு அது மிகவும் கூடிவிட்டது." உங்கள் உடம்பின் கொழுப்பு இந்த ஆண்டு வந்ததல்ல. சொல்லப்போனால் நீங்கள் இரண்டு கிலோ குறைந்திருக்கிறீர்கள். அப்படியானால் இந்த ஆண்டு புதிதாக வந்தது எது? நீங்கள் அனுப்பிய பட்டியலில் நான்கு மாதங்களுக்கு முன் சேர்க்கப்பட்டதாக டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை இருக்கிறது. அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றி வேலை செய்யும் மருந்து. சர்க்கரை வெளியேறும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். உங்கள் இரத்த அழுத்த மாத்திரையிலும் நீர் பிரியச் செய்யும் ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்திருக்கிறது. ஏற்கெனவே தளர்ந்திருந்த தூளிக்கு இந்த இரண்டு மருந்துகளும் சேர்ந்து வேலையைக் கூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். இதைப் படித்துவிட்டு இன்றிரவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாபாகிளிஃப்ளோசின் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்புத் தரும் நல்ல மருந்து. சிலருக்கு அதை மாற்றவே கூடாத காரணம் இருக்கும். உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் கசிவைப் பற்றி வாய் திறந்து சொல்லுங்கள். பெரும்பாலானோர் சொல்வதில்லை, அதனால் அவருக்கும் தெரிவதில்லை. அதே மருந்தால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வருவதும் உண்டு. அரிப்போ எரிச்சலோ இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இனிக் கொழுப்புக்கு வருகிறேன். உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் உடல் நிறைக் குறியீடு 32 வருகிறது. மேலை நாடுகளில் 30க்கு மேல் போனால் உடற்பருமன் என்பார்கள். நம் மக்களுக்கு அதே குறியீட்டில் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருப்பதால், இந்திய மருத்துவர்கள் 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடற்பருமன் என்று வரம்பைக் கீழே இறக்கிக்கொண்டார்கள். குறியீடு ஐந்து புள்ளி ஏறும்போதெல்லாம் சிறுநீர்க் கசிவுக்கான வாய்ப்பு 20 முதல் 70 சதவீதம் வரை கூடுகிறது என்பது இது தொடர்பான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது. ஆகவே மகளின் கவலையில் பொருள் இருக்கிறது.

ஆனால் அந்த 43 என்ற எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அந்த இயந்திரம் உங்கள் கொழுப்பை நேராக அளப்பதில்லை. பாதத்தின் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தைச் செலுத்தி, அது உடம்பில் எவ்வளவு தடைபடுகிறது என்பதைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறது. தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் ஓர் எண், கால் வீங்கிய நாளில் இன்னோர் எண், சாப்பிட்டு எழுந்த பின் வேறோர் எண். (இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களை அதில் ஏற்றவே கூடாது.) மாதம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில் நின்று பார்த்து, போக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் கவனியுங்கள். அதைவிடத் தையற்கார அம்மாவின் இஞ்சு டேப் நம்பகமானது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் சுற்றிப் பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை அங்குலம், எல்லைக்கோடு. பாவாடை நாடாவில் முடிச்சு விழும் இடம் மாறுவதே ஒரு நல்ல அளவுகோல் என்று என் நோயாளி ஒருவர் சொன்னார். நானும் மற்றவர்களுக்கு அதைச் சொல்லி வருகிறேன்.

இஞ்சு டேப்பை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணுடலில் கொழுப்பு தன் இருப்பிடத்தை மாற்றிக்கொள்கிறது. தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்துகொண்டிருந்தது வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. தொடைக் கொழுப்பு சிறுநீர்ப்பையை அழுத்துவதில்லை, வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு அழுத்துகிறது. உட்கார்ந்தாலும் நின்றாலும் அந்தச் சுமை தூளியின் மேலேயே கிடக்கிறது. ஆண்டுக்கணக்கில் கிடந்து தசையையும், தசைக்கு வரும் நரம்பையும் இழுத்து நெகிழ்த்துகிறது. அதே வயிற்றுக் கொழுப்பு சர்க்கரை நோயையும் கட்டுக்கடங்காமல் ஆக்குகிறது. சர்க்கரை ஏறினால் சிறுநீர் கூடுகிறது. பல ஆண்டுகள் ஏறியே இருந்தால் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளே மரத்துப்போகின்றன. ஒரே கொழுப்பு இரண்டு வழியாக வந்து சேரும் தொல்லை இது.

எடை குறைந்தால் கசிவு குறையுமா? குறையும். அமெரிக்காவில் 338 பெண்களை வைத்து நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு மிகத் தெளிவான சான்று. வாரத்துக்குப் பத்து முறையோ அதற்கு மேலோ கசிவு இருந்த, உடல் பருத்த பெண்கள் அவர்கள். ஆறு மாதம் முறையான உணவும் உடற்பயிற்சியும் கடைப்பிடித்தவர்களுக்கு எடை சராசரியாக 8 சதவீதம் குறைந்தது. கசிவு 47 சதவீதம் குறைந்தது. வெறும் பாடம் மட்டும் கேட்டுவிட்டுப் போன மற்றவர்களுக்குக்கூடக் கசிவு 28 சதவீதம் குறைந்தது. பிரச்சினையை வெளியே பேசுவதும் குறித்துவைப்பதும்கூடக் கொஞ்சம் உதவும் என்று இதைப் புரிந்துகொள்கிறேன். சர்க்கரை நோயுள்ள பெண்கள் 2,700க்கும் மேற்பட்டோரைப் பார்த்த இன்னோர் ஆய்வில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் கசிவு புதிதாக வரும் வாய்ப்பு 3 சதவீதம் தணிந்தது. ஆனால் ஏற்கெனவே கசிவு இருந்தவர்களுக்கு அது முழுதாக விலகுவது எடைக் குறைப்பால் மட்டும் அதிகமாகவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பும் மருத்துவர்களில் ஒருத்தியாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

முதலில் சொன்ன ஆய்வின் பெண்களுக்குச் சராசரி வயது 53தான். உங்கள் வயதுக்கு நெருக்கமானவர்களைப் பற்றிக் கேட்டால், 2017இல் வெளியான மற்றோர் ஆய்வை நான் அதிகம் மதிக்கிறேன். பிட்ஸ்பர்க், மெம்பிஸ் என்ற இரண்டு அமெரிக்க நகரங்களில், 70 முதல் 79 வயதுக்குள் இருந்த ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு பெண்களை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். உடல் நிறைக் குறியீடு 5 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தவர்களுக்கு, இருமினால் தும்மினால் வரும் கசிவு புதிதாகத் தோன்றுவதோ நீடிப்பதோ ஏறத்தாழப் பாதியாக இருந்தது. ஆனால் கைப்பிடி வலிமை அதே 5 சதவீதம் குறைந்தவர்களுக்கு அந்தக் கசிவு கூடியது. கைப்பிடிக்கும் சிறுநீருக்கும் என்ன உறவு என்று தோன்றும். கைப்பிடி உடம்பின் தசை முழுவதற்கும் ஓர் அடையாளம். கை தளர்ந்தவருக்குத் தூளியும் தளர்ந்திருக்கும். இது கவனித்துப் பார்த்த ஆய்வுதான், எடையைக் குறைக்கச் சொல்லிச் சோதித்த ஆய்வு அல்ல. என்றாலும் என் மருத்துவமனை அறையில் நான் பார்த்து வருவதோடு அது ஒத்துப்போகிறது.

இப்போது உங்கள் இரண்டு மாதத்தைப் பாருங்கள். இரவுச் சாப்பாட்டை விட்டீர்கள், இரண்டு கிலோ குறைந்தது, கசிவு குறையவில்லை, படியில் கால் தள்ளாடுகிறது. அந்த இரண்டு கிலோவில் ஒரு பங்கு உங்கள் தொடைத் தசையாக இருக்கலாம். அறுபதைக் கடந்த உடம்பு பட்டினி கிடந்தால் கொழுப்பை மட்டும் பார்த்து எடுக்காது, தசையையும் சேர்த்தே கரைக்கும். சுமையை இறக்குகிறேன் என்று தொடங்கித் தூளித் துணியையே நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். கால் தள்ளாட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அது அவசரமானது: உங்கள் பட்டியலில் கிளிமிபிரைடு இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், தள்ளாட்டம் வரும்போது உடனே ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். இரவு உணவை இன்றிலிருந்தே திரும்பத் தொடங்குங்கள்.

கொள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதை நானும் கேட்டு வளர்ந்தவள்தான். கொள்ளு கொழுப்பைக் கரைப்பதில்லை. ஆனால் நூறு கிராம் கொள்ளில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. அதுதான் உங்களுக்கு இப்போது தேவை. நீங்கள் செய்வது கொள்ளை வேகவைத்து, பருப்பை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் குடிப்பது. ரசத்தை விட்டுவிட்டுச் சுண்டலாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் சிறுநீரகப் பரிசோதனை முடிவு சரியாக இருந்தால் ஒரு நாளைக்கு 60 கிராம் அளவில் புரதம் வேண்டும். நம் வீட்டுச் சாப்பாட்டில் அது தானாக வந்துவிடாது. மூன்று இட்லியில் ஆறேழு கிராம்தான் இருக்கும். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் தயிரில் அதே அளவு, ஐம்பது கிராம் பயற்றைச் சுண்டலாக்கினால் பத்துப் பன்னிரண்டு கிராம். மதியம் குழம்பில் மிதக்கும் பருப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கெட்டியாக ஒரு கிண்ணம் பருப்போ கூட்டோ தனியாக வையுங்கள். அந்த அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள். குறைக்க வேண்டியது மாலை நான்கு மணி பிஸ்கட்டையும், மிக்சரையும், இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும் சோற்றையும்தான். வெந்நீரில் தேன் கலந்து குடிப்பதாக எழுதவில்லை. குடிப்பதானால் நிறுத்திவிடுங்கள், அது சர்க்கரைதான். 74 கிலோவில் 5 சதவீதம் என்பது மூன்றே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நான்கைந்து மாதத்தில் அந்த அளவு குறைந்தால் எனக்குத் திருப்தி. 50 கிலோவுக்கு இறங்க வேண்டும் என்ற எண்ணம் வேண்டாம்.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றி: பசியைக் கட்டுப்படுத்தும் இந்த ஊசிகள் சர்க்கரை நோய்க்கும் பயன்படுபவை, உங்களைப் போன்ற ஒருவருக்குக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றால் குறையும் எடையிலும் கணிசமான பங்கு தசைதான். உங்கள் வயதில் புரதமும் தசைப் பயிற்சியும் இல்லாமல் அந்த ஊசியைப் போட்டுக்கொள்வது, இந்த இரண்டு மாதத்தில் நடந்ததையே பெரிய அளவில் செய்வதாகும். கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை தாழும் ஆபத்தும் கூடும். முதல் மூன்று மாதம் நான் சொல்லும் வழியில் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு சர்க்கரை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

தசைக்கு என்ன செய்வது? கையில்லாத, ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் மகள் நிற்கட்டும். 12 விநாடிக்கு மேல் ஆனாலோ, கையூன்றாமல் எழ முடியாவிட்டாலோ தசை போதவில்லை என்று பொருள். சோதனையாகச் செய்த அதையே பயிற்சியாகவும் வைத்துக்கொள்ளலாம்: முழங்கால் தாங்கும் அளவுக்கு எட்டுப் பத்து முறை, சற்று ஓய்வு, மறுபடியும் ஒரு சுற்று, வாரத்தில் மூன்று நாள். சுவரில் கை வைத்துத் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி நிற்பது இவற்றையும் சேர்க்கலாம். எழும்போது மூச்சை அடக்காதீர்கள். மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள், ஏனென்றால் மூச்சை அடக்கினால் வயிற்றழுத்தம் ஏறிக் கசியும். வயிற்றைக் குறைப்பதாகக் கைப்பேசியில் வரும் காணொளிகளைப் பார்த்து, மல்லாந்து படுத்து எழும் பயிற்சிகளைச் செய்ய வேண்டாம். அவை வயிற்றுக் கொழுப்பைக் குறிப்பாகக் கரைப்பதில்லை. உங்கள் தூளியை மட்டும் கீழே அழுத்தும். நடைப்பயிற்சி நல்லது. நனைந்துவிடுமோ என்று வீட்டுக்குள்ளேயே இருப்பதைவிட ஈரம் உறிஞ்சும் நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டு நடப்பது மேல்.

தூளிக்கென்றே உள்ள பயிற்சி, 1948இல் அதைப் பற்றி எழுதிய அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் பெயரால் வழங்குகிறது. பலர் பேர் அளவில் செய்துவிட்டுப் பயனில்லை என்று விடுவது இதைத்தான். படுத்துக்கொண்டு முழங்காலை மடக்குங்கள். நாலு பேர் நடுவில் வாயு பிரிந்துவிடாமல் அடக்குவோமே, அதைப் போல ஆசனவாயை இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்பக்கம் கொண்டுவந்து உள்ளே மேலே தூக்குங்கள். பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முக்குவது போலக் கீழே தள்ளினால் அது எதிர்மாறான வேலை. முதல் தடவை பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மூன்று விநாடி பிடித்து, அதே நேரம் விட்டு, எட்டு முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. வாரங்கள் போகப் போக எட்டு விநாடி வரை நீட்டுங்கள். சிறுநீர் போகும்போதே பாதியில் நிறுத்திப் பழக வேண்டாம். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாத பழக்கம் வந்துவிடும். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். ஆனால் தசை பிடிபட்ட சில நாட்களிலேயே உதவும் தந்திரம் ஒன்று உண்டு: இருமல் வருவது தெரிந்தவுடன், தும்முவதற்கு முந்திய கணத்தில், பேருந்துப் படியில் கால் வைக்குமுன் தூளியை இறுக்கிக்கொள்ளுங்கள். சரியாகச் செய்கிறோமா என்ற ஐயம் இருந்தால் இதில் பழகிய பெண் பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறை காட்டிக்கொள்வது மிக நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் இருமல் கசிவுக்கு. பூட்டைத் திறப்பதற்குள் நனைவது வேறு வகை. சிறுநீர்ப்பைத் தசை தன்னிச்சையாகச் சுருங்குவதால் வருவது. உங்களுக்கு இரண்டும் கலந்திருக்கின்றன. எடை குறைவதன் பலன் இருமல் கசிவில் தெரிவது போல இந்த அவசரக் கசிவில் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. இதற்குச் சிறுநீர்ப்பையைப் பழக்க வேண்டும். மூன்று நாள், எப்போது எவ்வளவு குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆசிரியைக்கு இது கடினமல்ல. ஒரு மணிக்கு ஒரு முறை போகிறீர்கள் என்றால், வாரத்துக்குக் கால் மணி நேரம் வீதம் இடைவெளியை நீட்டி, இரண்டரை மூன்று மணிக்குக் கொண்டுவாருங்கள். அவசரம் தோன்றும்போது ஓடாதீர்கள். நின்று, தூளியை ஐந்தாறு முறை விரைவாக இறுக்கி விடுங்கள். அலை தணிந்தபின் மெல்ல நடங்கள். வீட்டுக்குத் திரும்பும்போது சாவியைக் கையில் எடுக்குமுன், தெருமுனையிலேயே இதைச் செய்யுங்கள்.

தண்ணீரைக் குறைத்தது தவறு. அடர்ந்த சிறுநீர் சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டும், மலச்சிக்கல் வரும், முக்கினால் தூளி இன்னும் தளரும். டாபாகிளிஃப்ளோசின் எடுக்கும் ஒருவருக்கு நீர்ச்சத்து குறைவது வேறு ஆபத்து. ஏழெட்டு டம்ளர் தண்ணீரைப் பகல் முழுவதும் பிரித்துக் குடியுங்கள், இரவு ஏழு மணிக்குப் பின் குறைத்துக்கொள்ளுங்கள். காபியை ஒன்றாக்குங்கள். மாலையில் கால் வீங்குகிறதா, இரவில் குறட்டை பலமாக வருகிறதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். இரவில் மூன்று முறை எழுவதற்கு அவையும் காரணமாகலாம்.

ஒரு முறை மகளிர் மருத்துவரிடம் நேரில் காட்டியாக வேண்டும். சிறுநீர்த் தொற்று உண்டா, மூன்று மாதச் சர்க்கரை அளவு என்ன, சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது, நம் ஊரில் அடி இறங்குதல் என்பார்களே, அந்தக் கர்ப்பப்பை இறக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்றபின் அந்தப் பகுதி வறண்டு மெலிந்திருந்தால், உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நன்றாக உதவும். மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் அப்படியல்ல. அது கசிவைக் கூட்டவே செய்தது என்பது பெரிய ஆய்வுகளில் தெரிந்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவராக இருந்தால் களிம்புக்கு முன்பும் அதைச் சொல்ல வேண்டும். அவசரக் கசிவுக்கான மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஆக்சிபியூடினின் போன்ற சில, வயதானவர்களின் நினைவாற்றலைப் பாதிக்கும். சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, திடீரெனக் காலில் பலவீனமும் உட்காரும் இடத்தில் மரத்துப்போதலும் வந்தாலோ ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. அறுவை சிகிச்சை இருக்கிறது; இவற்றையெல்லாம் செய்து பார்த்தபின் பேசிக்கொள்ளலாம்.

கல்யாணத்துக்கு வருவோம். தைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, பயிற்சிக்கு வேண்டியது மூன்று. சேலத்திலிருந்து மதுரைக்கு நாலைந்து மணி நேரம். உள்ளாடை வடிவில் வரும் வயதானோர் டயபர் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மாற்றுவதற்கு இன்னொன்றைக் கைப்பையில் வையுங்கள். படிக்கட்டுக்கு அருகில் இருக்கை கேளுங்கள். நடுவில் வண்டி நிற்கும் இடத்தில், அவசரம் இல்லாவிட்டாலும் இறங்கிப் போய்விட்டு வாருங்கள். நீர் பிரியும் மாத்திரையை அன்று மட்டும் ஊர் சேர்ந்தபின் போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்ய வேண்டாம், வழியில் சாப்பிடாமலும் இருக்க வேண்டாம். மண்டபத்துக்குப் போனதும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்துக்கொண்டு, மேடை ஏறுவதற்குக் கால் மணி முன்பு ஒரு முறை போய்விட்டு வந்து நில்லுங்கள்.